பிரேக் மேல் ஒரு கிரீம் பன்

என் சித்தியின் வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது கால் செருப்பு கடையிலிருந்து வந்த அன்று போலவே இருக்கும். செருப்பு தைப்பவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, இந்த ஒரு கால மட்டும் எங்க கொண்டுபோய் தேய்க்கிறீங்க?"

"செருப்ப நீங்க பாருங்க. கால நான் பாத்துக்கிறேன்" என்றாள் சித்தி.

அந்தக் காலை அவள் பார்த்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் இந்தக் கதை.

சித்தி டிரைவிங் ஸ்கூலில் டீச்சர். அங்கே ஒரு வெள்ளைக் கார் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்ப்பார். பக்கத்து இருக்கையில் சித்தி இருப்பாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் புளியமரத்தைப் பார்த்து ஆசையாகப் போனால் சித்தி அதை அமுக்குவாள். இருபத்திரண்டு வருஷமாக அமுக்கிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு கால் உடைந்ததால்தான். கால் அவளுடையது இல்லை. அப்போது அவள் முன்னறையில் உட்கார்ந்து மாணவர்களின் அட்டைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். பழைய ஆசிரியர் காரைவிட்டு இறங்கி, எப்படி நிறுத்துவது என்று வெளியே நின்று விளக்கப் போனார். மாணவர் அவர் காலின் மேலேயே நிறுத்திக் காட்டிவிட்டார். "ரெண்டே வாரம் நீ பக்கத்துல உக்காரும்மா" என்று முதலாளி கேட்டுக்கொண்டார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

வகுப்பில் சித்தி பேசும் மிக நீளமான வாக்கியம் "கால்!" என்பது. கிளட்சில் கால் தூங்கினால் "கால்!". ஆக்ஸிலரேட்டரில் கால் ஆடினால் "கால்!". ஊரில் வண்டி ஓட்டுகிற பாதிப்பேர் அவளிடம் கற்றவர்கள். ஒருமுறை வங்கி வரிசையில் யாரோ அவளை மிதித்துவிட, "கால்!" என்று கத்தினாள். வரிசையில் நின்ற ஏழு பேர் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். கவுன்டருக்குப் பின்னால் மேனேஜரும் தூக்கினார்.

இன்னொன்று, அவள் அட்டைகள். பள்ளிக்குள்ளேயே ஒரு சோதனை வைத்து, அவள் கையெழுத்துப் போட்டால்தான் அரசுத் தேர்வுக்கு அனுப்புவார்கள். சோதனை முடிந்ததும் அட்டையில் குறிப்பு எழுதுவாள். "வாய் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை" என்று ஒரு வக்கீலுக்கு எழுதியது இன்றும் நீதிமன்ற வளாகத்தில் பிரபலம்.

வேலை முடிந்தால் அந்தக் கால் ஓய்ந்துவிடுமா என்றால், இல்லை. தியேட்டரில் திரையில் கார் துரத்தல் வந்தால் முன் இருக்கைக்காரர் முதுகில் சித்தியின் பிரேக் விழும். பல் டாக்டர் துளைக்கும் கருவியை எடுத்தால் அவருடைய வாளி உருளும். தூக்கத்தில் என்ன நடக்கிறது என்று சித்தப்பாவின் கணுக்காலைப் பார்த்தால் தெரியும். சித்தப்பா பேக்கரி வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். "மாவும் மனைவியும் ஊறட்டும்னு விட்டுடணும், அவசரப்பட்டுத் தொடக்கூடாது" என்பார்.

மூன்று வருஷம் பல தேசம் சுற்றிவிட்டு நான் அவர்கள் வீட்டு மாடியறையில் மூட்டையை இறக்கிய அன்று, சித்தி "சாப்டியா" என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏன்டி ஊர்சுத்தி, நீ போன ஊர்லல்லாம் ஏடிவி ஓட்டறாங்களா?"

ஏடிவி என்பது நாலு சக்கர பைக். பைக்குக்கு இருப்பது போலக் கைப்பிடி, அண்டா மாதிரி நாலு டயர், சேற்றைக் கண்டால் எருமைக்கு வரும் அதே சந்தோஷம். ஊருக்கு வெளியே மலைமேல் இந்த வண்டிகளுக்கென்றே ஒரு பாதை போகிறது. போன மாதம் ஒரு மாணவனை அந்தப் பக்கம் கூட்டிப்போனபோது, மலையிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணைச் சித்தி பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சித்தியைவிடப் பத்து வயது அதிகமிருக்கும். தலையிலிருந்து கால்வரை சேறு, சிரித்தபோது பல்லிலும் சேறு.

"அதுல என்ன சித்தி இருக்கு?"

"அவ பக்கத்துல யாருமே இல்லடி" என்றாள் சித்தி, ஏதோ புதையலைப் பார்த்துவிட்டு வந்தவள்போல.

நான் கேட்டேன், "நீங்களே ஸ்டியரிங் புடிச்சு ஓட்டி எத்தன நாளாச்சு?"

"தினமும் எட்டு மணி நேரம் ரோட்டுலதான் இருக்கேன்."

"புடிச்சு?"

"பசங்க புடிக்கிறாங்கல்ல..." என்று இழுத்தாள். வீட்டில் இருப்பது பேக்கரி வேன் ஒன்றுதான். அதைச் சித்தப்பா ஓட்டுவார், சித்தி பக்கத்தில் உட்கார்ந்து தரையை மிதிப்பாள். கணக்குப் போட்டுப் பார்த்ததில், அவள் தன் கையால் ஒரு வண்டி ஓட்டிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

வண்டி வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த வண்டி என்பதுதான் பாக்கி. மூவரும் கடைக்குப் போனோம்.

மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஏடிவி கடையின் சொந்தக்காரரை ஊரே "ரிவர்ஸ்" என்று அழைக்கும். காரணம் சித்திதான். பதினெட்டு வயதில் அவளிடம் ஓட்டப் பழக வந்தவர், முன்னால் போகச் சொன்னால் பின்னால் போவார். பள்ளி வாசலில் வரிசையாக இருந்த பூந்தொட்டிகளை மூன்று சோதனைகளில் ஒன்றுவிடாமல் உடைத்து, மூன்று முறையும் தோற்றார். நாலாவது முறைதான் தேறினார். இப்போது வயது நாற்பதைத் தொட்டுவிட்டது, பாதி வழுக்கை. ஆனாலும் சித்தி உள்ளே நுழைந்ததும் எழுந்து, தன்னையறியாமல் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க டீச்சர்."

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு நான்கு அட்டைகள் தொங்கின. சித்தியின் கையெழுத்து. "கண்ணாடி முகம் பார்க்க மட்டும் வைக்கப்படவில்லை." "பின்னோக்கிச் செல்வதில் ஆர்வம் அதிகம், முன்னோக்கியும் முயலலாம்." "தொட்டிகள் தீர்ந்துவிட்டன. தம்பி இன்னும் தீரவில்லை." நாலாவதில் மட்டும், "திருந்தக்கூடும். அனுப்பலாம்."

"இன்னுமா வச்சிருக்க?" என்றாள் சித்தி, கொஞ்சம் பெருமையாகவே.

"சோறு தொண்டையில இறங்காதப்ப பாப்பேன் டீச்சர்."

இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று சிவப்பு, ஒல்லி, தாழ்வு. இன்னொன்று பச்சை, கனம், உயரம்.

"இந்தச் சிவப்பு ஸ்போர்ட்" என்று ரிவர்ஸ் ஆரம்பித்தார். "எடை கம்மி. கியர் நீங்கதான் மாத்தணும், கிளட்ச் கையில. பின்சக்கரம் ரெண்டுதான் இழுக்கும். பள்ளத்துல குதிச்சா பந்து மாதிரி எழும்பும். ஒரே ஆள்தான். ஒரு தண்ணி பாட்டில் வைக்கக்கூட இடம் கிடையாது. இந்தப் பச்சை யுட்டிலிட்டி. நாலு சக்கரமும் இழுக்கும். கியர் மாத்தற தொல்லையே இல்ல, உள்ள ஒரு பெல்ட் இருக்கு, அதுவே பாத்துக்கும். முன்னாலயும் பின்னாலயும் மூட்டை கட்டலாம். பின்னால ஒரு ஆள் உக்காரலாம். சேத்துல மாட்டிக்கிட்டா இழுத்துக்க கயிறு இருக்கு. அப்புறம் ரிவர்ஸ் கியர் பாத்தீங்கன்னா அருமையா..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அத நீ சொன்னா நம்பலாம்" என்றாள் சித்தி.

சித்தப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, சிவப்புக்கு "மைனர்" என்றும் பச்சைக்கு "எருமை" என்றும் அங்கேயே பெயர் வைத்தார். அவர் ஓட்டு எருமைக்கு. "மாவு மூட்டை ஏத்தலாம். நானும் பின்னால உக்காந்து வருவேன்."

"நீங்க பின்னால உக்காந்தா நான் யாருக்குப் பாடம் எடுக்கறது? என் முதுகுக்கா?" என்ற சித்தி, ரிவர்ஸ் பக்கம் திரும்பினாள். "மலைப்பாதைக்கு எது சரி தம்பி?"

"ரெண்டும் போகும் டீச்சர். சேறு, கல்லு, ஓடை, இதெல்லாம் கவலையில்லாம தாண்டணும்னா பச்சை. வளைவுல ஒரு குஷி வேணும்னா சிவப்பு. ஓட்டறவங்களப் பொறுத்தது."

"நான் எப்படி ஓட்டறவ?"

ரிவர்ஸ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியலையே டீச்சர். நீங்க ஓட்டி நான் பாத்ததே இல்ல."

சித்தி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

மலைப்பாதை சங்கத்துக்கு ரிவர்ஸ்தான் செயலாளர். மழை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பாதை திறக்கப்போகிறார்கள். அதற்கு இன்னும் இரண்டு வாரம். அதற்குள் புதியவர்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் சோதனைப் பாதையை ஒரு சுற்று நிற்காமல் முடித்துப் பாஸ் வாங்க வேண்டும். ஓர் ஏற்றம், ஒரு திருப்பம், கணுக்கால் அளவு ஓடை, மேட்டு விளிம்பு, கடைசியில் செங்குத்தான இறக்கம். எந்த வண்டியில் தேறுகிறோமோ அந்த வண்டிக்குத்தான் பாஸ். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அடுத்த வருஷம் வரவேண்டும்.

"மூணு வாய்ப்பு" என்று சொன்னபோது ரிவர்ஸ் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் மீசை மட்டும் சிரித்தது.

சித்தி அன்றே பள்ளியில் சொல்லிவிட்டாள். பள்ளியில் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

முதல் வாய்ப்பு எருமையில். சித்தி ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் இல்லாத பக்கக் கண்ணாடிகளைச் சரிசெய்து, கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுக் கிளம்பினாள். பின்னால் வந்துகொண்டிருந்தது ஓர் ஓணான் மட்டும். ஏற்றத்தில் வண்டி முனகியது. கட்டைவிரலால் அமுக்குகிற ஆக்ஸிலரேட்டரை முழுசாக அமுக்கினாள். பாதி ஏற்றத்தில் ரப்பர் கருகும் நாற்றம் கிளம்பியது, புகை வந்தது, வண்டி மூச்சை விட்டது.

"என்னடா வண்டி விக்கிற?" என்று மேலேயிருந்தே கத்தினாள்.

பெல்ட் கருகியிருந்தது. இத்தனை நாளில் எந்த எருமையிலும் இப்படி ஆனதில்லை என்றார் ரிவர்ஸ், தலையைச் சொறிந்துகொண்டு. "உன் கைராசி" என்றாள் சித்தி. அவர் அட்டை எடுத்து எழுதினார்: "தொடக்கம் நன்று. வாசனை நன்றாயில்லை."

சித்தப்பா வேனில் ஏறும்போது, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். வீடு வரும்வரை அவர் பக்கத்துத் தரை மிதிபட்டது.

அடுத்த மூன்று நாள் பச்சை வண்டியின் மானம் ஊரில் ஏலம் போனது. வங்கி மேனேஜர்கூட ரிவர்ஸுக்குப் போன் போட்டு, "பெல்ட்டெல்லாம் பாத்து வாங்கிப் போடக்கூடாதா?" என்று விசாரித்தாராம்.

இரண்டாவது வாய்ப்பு மைனரில். கிளட்ச்சை விட்டதும் இருமி நின்றது. மறுபடி உதைத்தாள், இருமியது. நாலாவது தடவை மனசில்லாமல் நகர்ந்தது. ஏற்றத்தில் அது போன வேகத்துக்கு நான் பக்கத்திலேயே பேசிக்கொண்டு நடந்தேன். திருப்பத்துக்கு முன்னால் திக்கி, செத்தது. பின்சக்கரத்திடமிருந்து சூட்டு நாற்றம்.

"இதுவும் கோளாறா?" என்றாள் சித்தி. இந்தத் தடவை குரல் அவ்வளவு உயரவில்லை.

நான் பார்த்துவிட்டேன். ரிவர்ஸும் மூச்சிரைக்க ஏறிவந்து பார்த்துவிட்டார். மைனரில் வலது கால் இருக்கும் இடத்தில் பின்சக்கரத்து பிரேக். அதன்மேல் சித்தியின் பாதம், தேய்ந்த செருப்போடு, பரம சுகமாக அமுங்கிக் கிடந்தது. ஏற்றம் முழுக்க ஒரு கையால் வண்டியைத் துரத்திக்கொண்டு, ஒரு காலால் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எருமையிலும் பிரேக் அதே இடத்தில்தான். அதன் பெல்ட் கருகியதும் இதனால்தான்.

ரிவர்ஸ் தொண்டையைச் செருமினார். இருபது வருஷம் காத்திருந்த ஒரு சொல் அவர் வாயில் வந்து நின்றது.

"டீச்சர்."

"என்ன?"

"கால்."

சித்தி சட்டென்று பின்னால் திரும்பி, "யார் காலு?" என்று தேடினாள்.

"உங்க கால் டீச்சர்."

குனிந்து பார்த்தாள். காலைத் தூக்கினாள். நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு சாயங்காலம் தொழுவத்துக்குத் திரும்புகிற மாடு மாதிரி, யாரும் சொல்லாமலே இறங்கிப்போய் பிரேக்கில் நின்றுகொண்டது.

கீழே வந்ததும் ரிவர்ஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார். சிரிக்கவும் இல்லை.

"எழுது" என்றாள் சித்தி. "நான் உனக்கு எழுதலையா?"

ஒரே சொல் எழுதினார்: "கால்."

அன்று மதியம் பேக்கரியின் பின்கட்டில், மாவு பிசையும் மேசை முன்னால் சித்தி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்" என்றாள்.

"யானைக்கும் அடி சறுக்கும் சித்தி."

"சறுக்கினாப் பரவாயில்லடி. இது நகரவே இல்லையே." ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தன வருஷம் ஓட்டத் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு நிறுத்த மட்டும்தான் தெரியும் போலருக்கு."

சித்தப்பா உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, "ராத்திரியெல்லாம் என் கணுக்கால் இததான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. யாரு கேட்டா?" என்றார்.

அப்போது ரிவர்ஸிடமிருந்து போன். ஒலிபெருக்கியில் போட்டோம்.

"டீச்சர், எருமைக்குப் புது பெல்ட் போட்டுட்டேன். கடைசி வாய்ப்பு அதுலயே வாங்க. இந்த முறை மெதுவா, விரல்ல முழுசா அமுக்காம ஏறுங்க. கால் லேசா பட்டாலும் அது தாங்கிக்கும். சின்னச் சுத்துதானே, பெல்ட் கருகறதுக்குள்ள முடிஞ்சிடும். மைனர் அப்படி இல்ல. கால் பட்டா நின்னுடும். சமாளிக்கணும்னா எருமைதான்."

"அதான் நானும் சொல்றேன்" என்றார் சித்தப்பா.

சித்தி ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதைச் சுற்றி மாவு புகைபோல எழும்பியது.

"தம்பி, நீ மூணாவது தடவை வந்தப்ப, கிட்டத்தட்ட சமாளிச்ச. ஞாபகம் இருக்கா?"

"ஒரு தொட்டிதான் டீச்சர் உடைஞ்சுது."

"சமாளிச்சவன நான் அனுப்பினேனா?"

மறுமுனையில் பெருமூச்சு. "இல்ல டீச்சர்."

"எருமை தப்பு பண்ணா சொல்லாது. உள்ளுக்குள்ளயே கருகி, ஒருநாள் நடுமலையில படுத்துக்கும். மைனர் அந்த நிமிஷமே மூஞ்சியத் திருப்பிக்குது. எனக்கு அதுதான் வேணும்." சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு வாயத் தொறக்காம இருக்கற எருமை ஒண்ணு வீட்லயே இருக்கு. ரெண்டாவது எதுக்கு?"

போனில் ரிவர்ஸ் சிரிப்பை அடக்கப்போய் புரையேறி இருமினார். சித்தப்பா அடுக்கிலிருந்து அப்போதுதான் கிரீம் நிரப்பிய ஒரு பன்னை எடுத்துவந்து சித்தி முன்னால் வைத்தார்.

"சாப்பிடற நேரமா இது?"

"சாப்பிட இல்ல. மிதிக்க" என்றார் சித்தப்பா.

அவர் திட்டம் இதுதான். பிரேக்கின் மேல் ஒரு கிரீம் பன்னைக் கட்டிவிட வேண்டும். கால் மறந்துபோய் இறங்கினால் பன் நசுங்கும், கிரீம் பிதுங்கும், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அவசரத்துக்கு நிறுத்தக் கையில் முன்சக்கரத்து பிரேக் இருக்கிறது. கடைசி இறக்கத்தில் மட்டும் காலை வைக்கலாம்.

"கத்தினா உன் கால் கேக்காது, அது இருபத்திரண்டு வருஷம் கத்தலக் கேட்டுச் செவிடாயிடுச்சு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேள்விப்பட்டதில்லை.

மீதியிருந்த நாட்களில் பின்கட்டு பயிற்சி மைதானமானது. முக்காலி வண்டியானது. பூரிக்கட்டை கைப்பிடியானது. தரையில் ஒரு சாய்வுப் பலகை, அதன்மேல் பன். சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவாள். நான் எதிரில் நின்று, "வளைவு! மாடு! லாரி! பல் டாக்டர்!" என்று கத்துவேன். பச்சக். கால் இறங்கியிருக்கும். சித்தப்பா பன்னை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கட்டைவிரல் முழுசா, குதிகால் பாதி. நேத்துக்கு இன்னைக்குத் தேவலை" என்பார். எது எவ்வளவு அமுங்கியது என்று சொல்ல மாவு பிசைகிறவரைவிடத் தகுதியான ஆள் யார்? அந்த வாரம் நாங்கள் மூவரும் சப்பைப் பன்னையே தின்றோம். கால் படாத பக்கமாகத்தான்.

வியாழக்கிழமை நான் "லாரி!" என்று கத்தினேன். சித்தியின் கால் துடித்தது. இறங்கவில்லை. "பேக்கரி வேன்!" என்றேன். பச்சக்.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். "அவர் ஓட்டறது அப்படி."

சனிக்கிழமை காலை, பாதை திறப்பதற்கு முந்தைய நாள், கடைசி வாய்ப்பு. எப்படியோ விஷயம் பரவி, சோதனைப் பாதையின் வேலியோரம் முப்பது பேர் நின்றார்கள். எல்லோரும் சித்தியிடம் தோற்றவர்கள். வக்கீல் வந்திருந்தார். வங்கி மேனேஜர் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்.

பாதை முடியும் இடத்தில், கோட்டுக்குப் பதிலாக, ரிவர்ஸ் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார். செவ்வந்திச் செடி, இரண்டு பூ.

"இது எதுக்குடா?"

"முடிவு எங்கன்னு தெரியணும்ல டீச்சர்" என்றார் பணிவாக.

சித்தப்பா முழந்தாளிட்டு, பார்சல் கட்டுகிற நூலால் மைனரின் பிரேக்கில் பன்னைக் கட்டினார். நான் இறக்கம் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும். அதுவரை பன் முழுசாக வந்ததா என்று சொல்வது என் வேலை. ரிவர்ஸ் கீழே தொட்டிக்குப் பக்கத்தில் அட்டையோடு நின்றுகொண்டார்.

மேலேயிருந்து எனக்கு முழுப் பாதையும் தெரிந்தது. மைனர் ஒரே உதையில் உயிர்பெற்றது. ஏற்றத்தில் நுழைந்தது. இதுவரை நான் அதனிடம் கேட்காத ஒரு சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் கழன்ற மாதிரி. பிடித்து இழுக்க யாரும் இல்லாததால் வண்டி பாய்ந்தது. சித்தியின் வலது முழங்கால் காற்றில் நொண்டிக் கொக்கு மாதிரி தூக்கியபடி இருந்தது. திருப்பத்தில் சைகை காட்டக் கையை எடுக்கப்போய், நல்லவேளை, வைத்துக்கொண்டாள். ஓடையில் தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி, வேலியோரம் நின்ற வக்கீலை நனைத்தது.

"கால்! கால்!" என்று முப்பது பேரும் கத்தினார்கள். உதவியா, பழிவாங்கலா என்று கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

மேட்டு விளிம்பில் ஒரு கல்லில் சக்கரம் ஏறி வண்டி துள்ளியது. சித்தியின் கால் இறங்கியது, பன்னுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது, நடுங்கியது, திரும்ப மேலே போனது. என்னைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். பன் முழுசு. சர்க்கரைத் தூள்கூட அப்படியே.

"பன் பத்திரம்!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

இறக்கத்தில் மைனர் தலைகுப்புறப் போனது. நேரே பூந்தொட்டி. பக்கத்தில் ரிவர்ஸ், கண்ணை மூடலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தார். இப்போது காலை வைக்கலாம். சித்தி வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் தேர்ச்சி பெற்ற காலல்லவா, வேலைக்காகக் கூப்பிட்டதும் அது காட்டிய விசுவாசத்தைச் சொல்லி முடியாது. பின்சக்கரங்கள் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றன. பன்னிலிருந்த கிரீம் மொத்தமும் ஒரே பீச்சலாக வெளியே வந்து, ரிவர்ஸின் கால்சட்டையில் முழங்காலிலிருந்து இடுப்புவரை ஒரு கோடு போட்டது.

தொட்டிக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. செவ்வந்தி ஆடிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தில் சேறு. சிரித்தபோது பல்லிலும் சேறு. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டவள் மாதிரி இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

ரிவர்ஸ் கால்சட்டையிலிருந்து ஒரு விரலால் கிரீமை வழித்து நக்கிவிட்டு, அட்டையில் எழுதி நீட்டினார். சித்தி படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். அதிலும் சேறு. நான் படித்துக் காட்டினேன்.

"திருந்தக்கூடும். அனுப்பலாம்."

சித்தி அட்டையை வாங்கி, ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். "கையெழுத்து மட்டும் இன்னும் பின்னாலதான் சாயுது தம்பி" என்றாள். ரிவர்ஸ் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

மைனர் மறுநாள் காலைவரை கடையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வேனில் கிளம்பினோம். சித்தப்பா ஓட்டினார். சித்தி பக்கத்தில். நான் பின்னால் பன் தட்டுகளுக்கு நடுவில். முதல் வளைவு வந்தது. தட்டென்று ஒரு சத்தம்.

சித்தப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னார்.

"கால்."

சித்தி காலைப் பார்த்தாள். எடுத்தாள். மடித்து இருக்கையின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள். "நீங்க இண்டிகேட்டர் போடுங்க."